சித்தப்பாவின் கவிதைகளும் என் அக்காவும்

நம் வயசுக்காரர்கள் இப்போது கொஞ்சப் பேர்தான் மிச்சம். பல் போனவர்கள், காது போனவர்கள், கக்கூசுக்குப் போக ஆள் துணை தேடுகிறவர்கள். உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். சின்னவர்கள் படித்தால் படிக்கட்டும். அவர்களுக்காக எதையும் சர்க்கரை தடவிச் சொல்லப் போவதில்லை.

உங்கள் வீட்டிலும் அப்படி ஒருத்தர் இருந்திருப்பார். காலேஜுக்குப் போய் இங்கிலீஷ் கவிதை படித்துவிட்டு வந்தவர். மழை பெய்தால், ஓடு ஒழுகுகிற இடத்தில் குண்டானை வைக்காமல் ஜன்னலில் நின்று பெருமூச்சு விடுகிறவர். அவர் பார்ப்பது நம் தெருவில் பெய்கிற மழையை இல்லை. எங்கோ குளிர்ந்த ஊரில் எவனோ பார்த்து எழுதிய மழையை. எங்கள் வீட்டில் அது சித்தப்பா.

அந்தக் கவிதைகள் நல்லவையா கெட்டவையா என்று சொல்ல எனக்குப் படிப்பு காணாது. அவை ஒரு மனுஷனுடைய மண்டைக்குள் போய் உட்கார்ந்துகொண்டால் என்ன நடக்கும் என்று மட்டும் தெரியும். அது போதும்.

இரண்டாம் உலகச் சண்டை தொடங்குவதற்கு முந்திய கோடை. எனக்குப் பத்து வயசு இருக்கலாம். அக்காவுக்குப் பதினாறு.

கீழமாசி வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் எங்கள் வீடு. அய்யா புளி மண்டி வைத்திருந்தார். முன்கட்டு முழுக்கப் புளி மூட்டை. எங்கள் சட்டை, பாய், தலைமுடி எல்லாவற்றிலும் புளி வாசம். பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் உட்கார்ந்த பிள்ளைகள் வாயில் எச்சில் ஊறுகிறது என்று கேலி செய்யும். அய்யாவுக்குக் கணக்கு எழுதுகிற அளவுக்குத் தமிழ் தெரியும். இங்கிலீஷில் ஒரு எழுத்து தெரியாது. அதனாலேயே தன் தம்பியைப் பற்றி அவருக்கு அம்புட்டுப் பெருமை. புளி விற்றுத் தம்பியைப் படிக்க வைத்தார். தம்பி பட்டம் வாங்கி, நகரத்துக் காலேஜ் ஒன்றில் இங்கிலீஷ் வாத்தியார் ஆனார். அன்றையிலிருந்து வீட்டில் எந்தப் பேச்சு வந்தாலும், "தம்பி என்ன சொல்றான்?" என்பதுதான் முடிவு. எந்த மாட்டை வாங்குவது என்றுகூட அவரைக் கேட்டார்கள். மாட்டுக்கும் இங்கிலீஷ் கவிதைக்கும் என்ன சம்பந்தம் என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

அக்கா பெரியவளானதும் பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டார்கள். சித்தப்பாதான் அவளுக்குச் சாயங்காலம் பாடம் சொன்னார். மொட்டை மாடியில் ஈரத் துணிகளுக்கு நடுவில் உட்கார்ந்து, நீல அட்டை போட்ட ஒரு தடிப் புத்தகத்திலிருந்து வாசிப்பார். கண்ணை மூடிக்கொள்வார். கை ஆடும். குரல் நடுங்கும். அக்கா அவர் எதிரில் அடக்கமாக இருந்துவிட்டு, கீழே வந்ததும் சேலைத் தலைப்பைக் கோட்டு மாதிரி தோளில் போட்டுக்கொண்டு அப்படியே நடித்துக் காட்டுவாள். அம்மா அடுப்பங்கரையில் சிரித்துச் சிரித்துக் கண்ணீர் விடுவாள்.

என் அக்கா அப்படிப்பட்டவள். இதை நீங்கள் மனசில் வைத்துக்கொள்ள வேண்டும். சத்தமாகப் பேசுவாள். சத்தமாகச் சாப்பிடுவாள். தட்டாங்கல் ஆடினால் கள்ளாட்டம் ஆடுவாள். கண்டுபிடித்தால் அடிப்பாள். காலில் பித்த வெடிப்பு. ஒரு பல் கொஞ்சம் முன்னால் நிற்கும். இதில் ஒன்றைக்கூட நீங்கள் வேறு எங்கும் படிக்க மாட்டீர்கள்.

தை மாசத்தில் இருமல் வந்தது. புளித் தூசி என்றார்கள். மாசியிலும் நிற்கவில்லை. ஒரு நாள் மாடியில் பாடம் கேட்டுக்கொண்டிருந்தவள் இருமி, தலைப்பால் வாயைத் துடைத்தாள். சிவப்பு. நான் பக்கத்தில் இருந்தேன். சித்தப்பாவைப் பார்த்தேன். அவர் முகத்தில் பயம் இருந்தது. கூடவே இன்னொன்றும் இருந்தது. அது என்னவென்று அப்போது எனக்குப் புரியவில்லை. இப்போது தெரியும். மரியாதை. அதுவரைக்கும் அவருக்கு அவள் அண்ணன் மகள், பாடத்தில் கவனம் இல்லாத கழுதை. அந்தச் சிவப்பைப் பார்த்ததும் அவள் வேறு ஆளாகிவிட்டாள். புத்தகத்துக்குள்ளிருந்து வந்தவளாகிவிட்டாள்.

"பயப்படாதே பாப்பா," என்றார். "பெரிய பெரிய கவிகளுக்கெல்லாம் இந்த நோவுதான் வந்துச்சு. சின்ன வயசுலயே போயிட்டாங்க. ஆனா அவங்க எழுதினது சாகல."

"அப்ப எனக்கும் சிலை வைப்பாங்களா சித்தப்பா?" என்று அக்கா கேட்டாள்.

அவள் கேலியாகத்தான் கேட்டாள். அவர் கேலியாக எடுத்துக்கொள்ளவில்லை.

அம்மா அவளைப் பெண்கள் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். நானும் போனேன். டாக்டரம்மா கண்ணாடி போட்ட குட்டையான மனுஷி. நெஞ்சில் குழாயை வைத்து நெடுநேரம் கேட்டார். பிறகு விரலை மடக்காமல் நீட்டி நீட்டிச் சொன்னார்.

"நடக்கக் கூடாது. படி ஏறக் கூடாது. பால், முட்டை, ஈரல். மழையில படக் கூடாது. படுத்தே கிடக்கணும். சத்தம் போட்டுச் சிரிக்கிறதக்கூடக் குறைச்சுக்கோ."

"சிரிக்காம எப்பிடி டாக்டரம்மா? எங்க சித்தப்பா வீட்டுல இருக்காரே," என்றாள் அக்கா.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டு, மலையடிவாரத்தில் க்ஷயத்துக்கென்றே ஒரு ஆஸ்பத்திரி இருக்கிறது, தான் எழுதிப் போட்டால் படுக்கை கிடைக்கும், ஆனால் ஆரம்பத்திலேயே போக வேண்டும், முற்றிவிட்டால் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள் என்றார். எங்கள் எதிர்வீட்டுப் பெரியம்மாவின் மகன் அங்கே போய்விட்டுத் திரும்பி வந்தவர். கன்னம் உப்பி வந்தார். நான் கல்யாணமாகிப் பிள்ளை பெற்ற பிறகும் அவர் மாசி வீதியில் சைக்கிளில் போவதைப் பார்த்திருக்கிறேன். அங்கே போன எல்லாரும் பிழைத்தார்கள் என்று சொல்லவில்லை. சில பேர் பிழைத்தார்கள்.

அன்று மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் பேச்சு நடந்தது. அய்யா இலையில் கையை வைத்துக்கொண்டு பிசையாமல் இருந்தார்.

"அந்த ஆஸ்பத்திரிக்குப் போனா ஊருக்கே தெரிஞ்சிரும். பெரியவள விடு. நாளைக்குச் சின்னவள எவன் கட்டுவான்?"

சின்னவள் நான்தான். ரசத்துக்குக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"ஆஸ்பத்திரின்னா என்னண்ணே? நாலு சுவரு, பினாயில் நாத்தம், சாகப் போறவங்க முனகல்," என்றார் சித்தப்பா. "அங்க போனா இருக்கிற உசுரும் போயிரும். அவளுக்கு வேண்டியது திறந்த வானம். மரம், பறவை, தண்ணி. மனுசனுக்கு வர்ற நோவெல்லாம் இயற்கைய விட்டு விலகுனதாலதான் வருது. பெரியவங்க எல்லாரும் எழுதியிருக்காங்க. நம்ம பரவைத் தோட்டத்துக்குக் கூட்டிட்டுப் போவோம். காலையிலயும் சாயங்காலமும் நல்லா நடக்கட்டும். இயற்கை ஒரு தாய் மாதிரி, அது பாத்துக்கும்."

"தாய் நான் இங்க குத்துக்கல்லு மாதிரி உக்காந்திருக்கேன் தம்பி," என்றாள் அம்மா. "நடக்கக் கூடாதுன்னு அந்த அம்மா படிச்சுப் படிச்சுச் சொல்லுச்சு. நீங்க நடக்கச் சொல்றீங்க."

"மதினி, அவங்க படிச்சது உடம்ப. நான் சொல்றது ஆத்மாவ."

"இருமுறது ஆத்மாவா?"

அய்யா அம்மாவை அதட்டினார். "படிச்சவன் பேசிட்டு இருக்கான்ல."

இப்போது யோசித்துப் பார்க்கிறேன். அய்யாவுக்கு இயற்கையும் தெரியாது, ஆத்மாவும் தெரியாது. புளி தெரியும், ஊர் வாய் தெரியும். மகளை ஒளித்து வைக்க அவருக்கு ஒரு காரணம் தேவைப்பட்டது. கேவலமாக இல்லாத காரணம். அதைத் தம்பி இங்கிலீஷிலிருந்து எடுத்துக் கொடுத்தார். சித்தப்பா உண்மையாகவே நம்பினார், அய்யா சௌகரியத்துக்கு நம்பினார். நம்பியவர் மேல்தான் எனக்குக் கோபம் அதிகம். பயந்தவனிடம் சண்டை போடலாம். நம்புகிறவனிடம் என்ன பேச முடியும்?

பங்குனிக் கடைசியில் அம்மா, அக்கா, நான் மூன்று பேரும் தோட்டத்துக்குப் போனோம். ஊரில் கேட்டவர்களிடம், பிள்ளைகள் அம்மாச்சி வீட்டுக்குப் போயிருக்கிறார்கள் என்று அய்யா சொல்லிவிட்டார். சித்திரைத் திருவிழாவுக்கு வீட்டுக்கு விருந்தாட்கள் வருவார்கள். அதற்குள் இருமல் சத்தம் வீட்டை விட்டுப் போக வேண்டும்.

பரவைக்குப் பக்கத்தில் எங்களுக்கு ஒரு கிணற்றுத் தோட்டம். ஓட்டு வீடு ஒன்று. தெற்கே தூரத்தில் ஆற்றுக்கு அந்தப் பக்கம் நாகமலை நீளமாகக் கிடக்கும். வீட்டுக்கு எதிரே கண்மாய். அந்த மாசத்தில் கண்மாயில் தண்ணீர் ஏது? சேறு காய்ந்து வெடித்து, வெடிப்புக்குள் என் கை முழங்கை வரைக்கும் போகும். செத்த நத்தை ஓடுகள் காலைக் கிழிக்கும். வேப்பம்பூ வாசம் இருக்கும், அதுவும் காலையில் மட்டும். ஒன்பது மணிக்கு மேல் கொதிக்கிற மண்ணின் வாடைதான். கயிற்றுக் கட்டிலில் படுத்தால் கயிறு முதுகில் சூடு போடும்.

சித்தப்பாவுக்குக் காலேஜ் விடுமுறை. கூடவே வந்துவிட்டார். விடிந்ததும் அக்காவை எழுப்பிக் கரையில் நடக்கக் கூட்டிப் போவார். அந்தக் கவிகள் எல்லாரும் மலையிலும் காட்டிலும் மைல் கணக்கில் நடந்தவர்களாம். நடந்துகொண்டேதான் பாட்டு கட்டினார்களாம். அக்காவும் நடந்தாள். நாலு எட்டு வைப்பாள், இடுப்பில் கையை வைத்து நிற்பாள். நான் குடை பிடித்துக்கொண்டு பின்னால் போவேன். கைப்பிடியில் கிளி மூக்குச் செதுக்கிய கறுப்புக் குடை. அது பிறகு எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

"கேளு பாப்பா, ஓடை பாடுது," என்பார் சித்தப்பா.

"ஓடை எங்க இருக்கு சித்தப்பா?"

"மனசுல பாரு."

"மனசுல ஓடுற தண்ணில துணி துவைக்கலாமான்னு அம்மா கேக்குறாங்க."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வரும். அவரும் சிரிப்பார். அவர் கெட்டவர் இல்லை, அதுதான் தொல்லையே. எனக்குப் பனங்காய் வண்டி செய்து கொடுத்தவர். அக்கா இருமினால் முதுகைத் தடவுவார். அவருக்கு வெயில் தெரியாமல் இல்லை. அவர் படித்த ஊரில் வெயில் எப்போதாவது வருகிற விருந்தாளி. அதனால் அந்த ஊர்க்காரன் வெயிலைக் கும்பிட்டு எழுதினான். இவர் அந்தக் கும்பிடை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து, வியர்வை சொட்டச் சொட்ட, பரவைக் கண்மாய்க் கரையில் நின்று கும்பிட்டார். எத்தனை படித்தவர்கள் இப்படி இருந்தார்கள் என்று நீங்களே சொல்லுங்கள். கண்ணால் பார்ப்பதை நம்பாமல், படித்ததைப் பார்த்தவர்கள்.

சித்திரை நடுவில் அக்கா மாறினாள். அவருடைய பேச்சு அவளுக்குள் இறங்கிவிட்டது. அவள் மேல் குற்றம் சொல்ல மாட்டேன். அவளுக்கு வேறு என்ன இருந்தது? முந்தின வருஷம் பேசி வைத்த மாப்பிள்ளை வீட்டார் வாயை மூடிக்கொண்டார்கள். கூட விளையாடிய சேக்காளிகள் யாரும் வருவதில்லை. அவள் குடித்த டம்ளரை அம்மாவே சாம்பலில் தனியாகக் கவிழ்த்து வைத்தாள். அந்த நேரத்தில் ஒருத்தர் வந்து, நீ நோயாளி இல்லை, நீ ஒரு கவிதை என்று சொன்னால் எந்தப் பெண்தான் மயங்க மாட்டாள்?

ஒரு நாள் மத்தியானம் என்னைக் கூப்பிட்டாள். முடியை அவிழ்த்துக் கட்டிலின் இரண்டு பக்கமும் பரத்திவிட்டிருந்தாள். நெஞ்சில் வேப்பம்பூக் கொத்து. கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஏட்டி, நான் செத்தா எப்பிடி இருப்பேன், பாத்துச் சொல்லு."

"தூங்குற மாதிரி இருக்குக்கா."

"தூங்குற மாதிரி இருக்கக் கூடாதுடி. பாட்டு மாதிரி இருக்கணும்."

எனக்குப் பாட்டு மாதிரி என்றால் என்னவென்று தெரியவில்லை. அழுதேன். அவள் எழுந்து உட்கார்ந்து, "கூறு கெட்டவளே, விளையாட்டுக்குத்தானே," என்று என் தலையில் குட்டினாள். குட்டு வலிக்கவில்லை. கையில் பலம் இல்லை.

வைகாசியில் ஒரு நாள் அம்மா சந்தைக்குப் போயிருந்தாள். மேற்கே இருட்டிக்கொண்டு வந்தது. மண் வாசம் வந்ததும் சித்தப்பாவுக்கு நிலைகொள்ளவில்லை. முற்றத்தில் இறங்கிக் கையை விரித்துக்கொண்டு நின்றார். பெரிய பெரிய சொட்டாக விழுந்தது.

"வா பாப்பா! இது மழை இல்ல, அருள். மேல வாங்கிக்கோ!"

அக்கா போனாள். நான் முந்தானையைப் பிடித்து இழுத்தேன். டாக்டரம்மா சொன்னதை எடுத்துச் சொன்னேன். இரண்டு பேரும் கேட்கவில்லை. அவள் முகத்தை மேலே தூக்கி, வாயைத் திறந்து மழையைக் குடித்தாள். சிரித்தாள். அந்த வருஷத்திலேயே அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. அந்த மழையில் அவள் சந்தோஷமாக இருந்தாள். அதையும் சொல்லத்தான் வேண்டும். சொல்லாமல் விட்டால் நானும் வேண்டியதை மட்டும் சொல்கிறவள்தான்.

அம்மா காய்கறிக் கூடையோடு நனைந்துகொண்டே வந்தாள். அக்காவை உள்ளே இழுத்துப்போய்த் துடைத்தாள். வெந்நீர் போட அடுப்பை மூட்டினாள். விறகு ஈரம், பிடிக்கவில்லை. மாடக்குழியில் இருந்த நீல அட்டைப் புத்தகத்தை எடுத்து, இரண்டாகப் பிளந்து, தாள் தாளாக அடுப்பில் வைத்தாள். சித்தப்பா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"எரிச்சா எரியட்டும் மதினி. எல்லாம் எனக்கு மனப்பாடம்," என்றார்.

உண்மைதான். அதை எந்த அடுப்பில் வைத்து எரிப்பது?

ராத்திரியே காய்ச்சல் வந்தது. அதற்குப் பிறகு அக்கா எழுந்து நடக்கவில்லை. ஆனி மாசம் முழுக்க அந்த வீட்டில் அவள் இருமித் துப்புவதற்குச் சாம்பல் போட்ட மண்சட்டியும் ஈரத் துணியும்தான். சட்டியை வேலிக்கு அப்பால் கொண்டுபோய்ப் புதைப்பது அம்மாவின் வேலை. ரத்தத்துக்கு ஒரு வாடை உண்டு, துருப்பிடித்த வாளி மாதிரி. வேப்பம்பூ வாசம் வந்தால் இன்றைக்கும் அதற்கு அடியில் எனக்கு அந்த வாடைதான் வருகிறது. அக்காவின் கழுத்து எலும்புக் குழியில் வியர்வை தேங்கி நிற்கும். முதுகெல்லாம் படுக்கைப் புண். ஒரு நாள் சட்டியைப் பார்த்துவிட்டு அவள் சித்தப்பாவிடம் கேட்டாள்:

"இது எதுவும் பாட்டுல வரலையே சித்தப்பா?"

அவர் மெதுவாக இங்கிலீஷில் ஏதோ சொல்லத் தொடங்கினார். தாலாட்டுகிற குரல். அக்கா கையை நீட்டி அவர் வாயைப் பொத்தினாள்.

"போதும். அதெல்லாம் செத்தவங்க பாட்டு. எனக்குச் சாக வேணாம். ஆஸ்பத்திரிக்குப் போகணும். வண்டியக் கட்டச் சொல்லுங்க."

தெளிவாகச் சொன்னாள். நான் கேட்டேன். அம்மா கேட்டாள். அவரும் கேட்டார்.

அய்யாவுக்கு ஆள் போயிற்று. அவர் வந்து வாசற்படியிலேயே நின்றார். ஆடி பிறக்கப் போகிறது, ஆடியில் எதையும் தொடங்க வேண்டாம், கழியட்டும் என்றார். சித்தப்பா இன்னும் மோசம். "இந்த நிலைமையில அவள வண்டியில போட்டு அலைக்கழிக்கிறது கொடுமைண்ணே. இங்க நிம்மதியா இருக்கா," என்றார். நிம்மதி! அவள் உள்ளே வண்டி, வண்டி என்று முனகிக்கொண்டிருக்கிறாள்.

மறுநாள் காலை அய்யா மண்டிக்குத் திரும்பிய பிறகு, அம்மா தோட்டக்காரரைக் கூப்பிட்டு, டாக்டரம்மா ஆஸ்பத்திரிக்கு வண்டியைக் கட்டச் சொன்னாள். அவர் தயங்கினார். "மொதலாளி வையிவாருங்கத்தா." அம்மா தானே போய் மாட்டை அவிழ்த்தாள். அவர் ஓடிவந்து நுகத்தைத் தூக்கினார். வைக்கோலைப் பரப்பி, மேலே ஜமுக்காளம் போட்டு, அக்காவைத் தூக்கிப் படுக்க வைத்தார்கள். கூண்டு இல்லாத பார வண்டி. நான் குடையை விரித்து அவள் முகத்துக்கு மேலே பிடித்தேன். கிளம்பும்போது உச்சி வெயில் ஆகிவிட்டது.

கண்மாய்க் கரை ஆலமரத்தடியில் சித்தப்பா உட்கார்ந்திருந்தார். வண்டியைப் பார்த்தார். எழுந்தார். அம்மா, "வாங்க தம்பி, தலையப் பிடிச்சுக்கங்க," என்று கத்தினாள். அவர் வரவில்லை. முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். அவரால் பார்க்க முடியவில்லையாம். பின்னால் அப்படித்தான் சொன்னார்.

திண்டுக்கல் ரோட்டில் அப்போது இரண்டு பக்கமும் புளிய மரம். நிழல் வரும், போகும். நிழல் வரும்போது அக்கா கண்ணைத் திறப்பாள். வெயிலில் மூடிக்கொள்வாள். சக்கரம் குழியில் இறங்கும்போதெல்லாம் அவளுக்குள்ளிருந்து ஒரு சத்தம் வரும். காற்று புழுதியை அள்ளிக் கொட்டியது. விளாங்குடி தாண்டினோம்.

"இன்னும் எம்புட்டுத் தூரம்மா?" என்றாள்.

"வந்துட்டோம் தாயி. அந்தா கோபுரம் தெரியுது பாரு," என்றாள் அம்மா.

கோபுரம் தெரியத்தான் செய்தது. ஆனால் தூரம் இருந்தது. அக்கா தலையைத் தூக்கப் பார்த்தாள். தூக்க முடியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அம்மா, "வண்டிய நிறுத்துங்க," என்றாள். தோட்டக்காரர் நிறுத்தினார். மாடுகள் மூச்சு வாங்கின. எனக்குக் குடையை மடக்கலாமா கூடாதா என்று தெரியவில்லை. பிடித்துக்கொண்டே இருந்தேன்.

வீட்டுக்குத்தான் கொண்டுவந்தோம். விஷக் காய்ச்சல் என்று அய்யா ஊருக்குச் சொன்னார். பெண்கள் வந்து கூடினார்கள். நம் பக்கத்து ஒப்பாரி உங்களுக்குத் தெரியும். அதில் பூச்சு கிடையாது. எப்படிச் செத்தார், யார் பார்க்கவில்லை, யார் தடுத்தார், கடைசியாக என்ன கேட்டார், எல்லாம் வரும். முறை சொல்லி, ஆளைக் காட்டி, நெஞ்சில் அடித்துப் பாடுவார்கள். யாரும் கோபிக்க முடியாது. சாவு வீட்டில் பொம்பளை வாயைக் கட்ட ஒருத்தருக்கும் உரிமை இல்லை.

அம்மா தொடங்கினாள். வண்டி கட்டச் சொன்னாயே, வழியெல்லாம் வெயிலாச்சே, கோபுரத்தைக் காட்டி உன்னைப் பொய் சொல்லி அழைச்சேனே என்று இழுத்தாள். அடுத்தது, கொண்டுபோக வேண்டாமென்ற கொழுந்தனும் அங்கிருக்க என்று வந்தது. கூடியிருந்த பெண்கள் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள்.

அய்யா கூட்டத்துக்குள் புகுந்து வந்து அம்மாவின் வாயைப் பொத்தினார். சித்தப்பா கண் சிவக்க நின்றார்.

"மதினி, இந்தக் காட்டுமிராண்டிக் கூச்சல் வேணாம். அவ அமைதியாப் போகட்டும். அவ எம்புட்டு அழகா வாழ்ந்தா, அத நினைங்க."

பெண்கள் நிறுத்திக்கொண்டார்கள். படித்தவர் சொல்கிறார் அல்லவா? எங்கள் தெருவில் ஒப்பாரி இல்லாமல் எடுத்த முதல் சாவு அதுதான். அம்மா தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அவள் உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

அந்த வருஷம் தீபாவளி மலர் ஒன்றில் சித்தப்பாவின் கவிதை வந்தது. தமிழில். ஒரு பெண், ஒரு நிறைந்த கண்மாய், அதில் நிலா. மல்லிகை மணம். அவள் சித்தப்பாவின் மடியில் தலை வைத்து, நிலாவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே போகிறாள். ஊரே அழுதது. அய்யா அதைக் கண்ணாடி போட்டு மண்டியில் மாட்டினார். என்ன நோய் என்று அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை. அந்தக் கவிதைக்கு நோய் தேவைப்படவில்லை. என்னைப் பெண் பார்க்க வந்தபோதுகூட மாமியார், "அந்தப் பாட்டுல வர்ற பொண்ணோட தங்கச்சியா?" என்று கன்னத்தைத் தடவினார். என் கல்யாணம் அப்படித்தான் நடந்தது.

சண்டைக் காலத்தில் அவர் மாறினார். புது மாதிரிக் கவிதைகள் வந்துவிட்டன என்றார். நிலாவெல்லாம் பொய், யாப்பெல்லாம் விலங்கு, உடைந்ததை உடைந்ததாகவே எழுத வேண்டும் என்றார். எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை வந்தது. இனிமேலாவது உள்ளதைச் சொல்வார் என்று நினைத்தேன். சின்னப் பத்திரிகை ஒன்றில் அக்காவைப் பற்றி மறுபடி எழுதினார். துண்டு துண்டான வரிகள். அதில் சாம்பல் சட்டி வந்தது. ரத்தம் வந்தது. வண்டிகூட வந்தது. ஆனால் வண்டியில் அவர் உட்கார்ந்திருந்தார். அவள் தலை அவர் கையில் இருந்தது. அவருடைய நெஞ்சு வெடித்தது, அவருடைய நகரம் இருண்டது, அவருடைய கடவுள் செத்தார். அவள் எம்புட்டுத் தூரம் என்று கேட்டது அதில் இல்லை. அம்மா இல்லை.

நான் போய்க் கேட்டேன். அப்போது எனக்குக் கைக்குழந்தை.

"நீங்க வண்டியில இல்லையே சித்தப்பா."

"மனசால இருந்தேன்மா. கவிதையில அதுதான் உண்மை."

"அம்மா கூப்பிட்டாங்க. நீங்க வரல."

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "உனக்கு இது விளங்காது," என்றார். பெரிய ஆளாகிச் செத்தார். முதல் கவிதைதான் நிலைத்தது. பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் ஒப்பிக்கிறார்கள்.

என்னையும் அது விட்டதா? இல்லை. கண்மாயில் நிலா விழுந்தால் எனக்கு முதலில் வருவது அவருடைய வரிதான். அதைத் தள்ளிவிட்டுத்தான் அக்காவின் முகத்தைத் தேட வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு வருஷமும் தேடுகிற நேரம் கூடுகிறது. என் மகனுக்கு இருமல் வந்தபோது, பக்கத்து வீட்டு வாத்தியார் அம்மா, "வெளிறிப் போயி எவ்வளவு அழகா இருக்கான்," என்றார். அவரை நான் வீட்டு வாசல் ஏற விடவில்லை.

அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அந்தக் கவிதையை யார் வாசித்தாலும் எழுந்து கொல்லைக்குப் போய்விடுவாள். முப்பது நாற்பது வருஷம் அப்படித்தான் இருந்தாள். ஆனால் காது கேட்டுக்கொண்டே இருக்கிறதல்லவா? ரேடியோவில், கல்யாண வீட்டில், பேரப்பிள்ளைகள் வாயில்.

அவள் படுக்கையில் விழுந்திருந்தபோது, சித்தப்பாவைப் பற்றிப் புத்தகம் எழுதுகிற ஒருவர் பார்க்க வந்தார். அடக்கமான பையன். பாட்டி, அந்தக் கடைசி நேரத்தைப் பற்றிச் சொல்லுங்கள் என்றார். நான் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தேன். இன்றைக்காவது வரும் என்று காத்திருந்தேன். அன்றைக்குத் தடுத்து நிறுத்திய ஒப்பாரி முழுசும் இவள் வாயிலிருந்து வரட்டும், இவன் எழுதிக்கொண்டு போகட்டும் என்று.

அம்மா கூரையைப் பார்த்தாள். பொக்கை வாயில் சிரிப்பு வந்தது.

"நல்ல சாவுய்யா. கண்மா நிறைய தண்ணி. நிலா பால் மாதிரி காயுது. சித்தப்பன் மடியில தலைய வச்சு, சிரிச்ச மொகமா போயிட்டா எம் மக."

"அம்மா," என்றேன். "பகல்மா. உச்சி வெயிலு. நீதானே வண்டியக் கட்டுன?"

அம்மா என் பக்கம் திரும்பினாள். என்னை யாரென்று தேடுகிற மாதிரி பார்த்தாள்.

"எந்த வண்டி?" என்றாள்.